மானாவாரிக் காட்டுக்கேற்ற அரிவாளும் கோடாலியும்

அருப்புக்கோட்டையின் கரிசல் நிலம் கிழக்கே செல்லச் செல்ல நிறமும் குணமும் மாறி, குண்டாற்றங்கரைத் திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி வரையில் மானாவாரிப் புன்செய்யும் கண்மாய்ப் பாசன வயலுமாக விரிந்து கிடக்கும் பிரதேசத்தில், வெட்டிரும்பு இல்லாத வீடு ஒன்றைக் காண்பது அரிது. ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும், அடுப்புக்கு விறகு பிளக்கவும், வேலிக்கு முள் வெட்டவும், கம்பும் குதிரைவாலியும் அறுக்கவும், பனையில் ஓலை கழிக்கவும் வெவ்வேறு கருவிகள் வேண்டியிருக்கின்றன. ஆயினும், கையில் இருக்கும் சிறு தொகைக்குள் நிறைந்த பயனைத் தரும் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற விஷயம் தகப்பன் மகனுக்குச் சொல்லும் வாய்மொழியோடு நின்றுவிட்டது. அந்த வாய்மொழியும் தளர்ந்துவரும் இந்நாளில், பளபளப்பையும் உறையின் அழகையும் அயல்நாட்டு முத்திரையையும் கண்டு மயங்கிப் பணத்தைச் செலவிடும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே ஆராய்வது பிரயோஜனமான காரியம் என்று கருதுகிறேன்.

இந்தப் பிரதேசத்தில் ஒரு கருவியின் தகுதியை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஒரே மரந்தான். அது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அம்மரம் 1877ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு, பின்னர் வேலிக்கென்றும் விறகுக்கென்றும் பரப்பப்பட்டு, இன்று தரிசு நிலங்களையும் கண்மாய்களின் உள்வாயையும் வரத்துக் கால்களையும் ஒருங்கே ஆக்கிரமித்து நிற்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017ஆம் ஆண்டில் அதை வேரோடு அகற்றச் சொல்லித் தென்மாவட்டங்களை முடுக்கிவிட்டதையும், அந்த அகற்றும் வேலை பாதியில் தளர்ந்துபோனதையும் வாசகர்கள் அறிவார்கள். நான் இங்கே கவனிக்க விரும்புவது அம்மரத்தின் நன்மை தீமைகளை அல்ல, அது வளரும் விதத்தையே. ஒரே அடிமரமாக உயராமல், தரையை ஒட்டிப் பல கிளைகளாகப் பிரிந்து, வில்லாக வளைந்து, விரல் நீளத்துக்கு முள்ளைத் தாங்கி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அது வளர்கிறது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடியும் பத்துக் கிளைகள் வெடித்து எழும். பச்சையாக இருக்கும்போதே கெட்டியான அதன் கட்டை, காய்ந்துவிட்டால் வெட்டுவாயை வளைத்துவிடும் அளவுக்கு இறுகிப்போகும். கரிமூட்டம் போடுகிறவர்களும் விறகுக்காரர்களும் நாள் முழுவதும் போராடுவது இந்த மரத்தோடுதான். அவர்களில் பெண்களும் அநேகர். முள்ளுக்குள் கையை விடாமல் கிளையை இழுத்து வெளியே கொண்டுவரவும், குனிந்த நிலையில் குறுகிய வீச்சிலேயே ஆழமாக வெட்டவும், கட்டையில் பட்டபோது வாய் மடங்காமலும் பல் உதிராமலும் இருக்கவும் வல்ல இரும்பே இங்கே நல்ல இரும்பு.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, உலகத்தில் மலிவுக்கும் உழைப்புக்கும் பெயர்பெற்ற காட்டுக் கருவிகளைப் பரிசீலித்தால் சில உண்மைகள் தெளிவாகும். மச்சேட்டி என்று வழங்கும் நீண்ட கத்தி, மத்திய அமெரிக்காவிலும் பிரேசிலிலும் கரும்புக்காட்டுக்கும் பச்சைக் கொடிக்காட்டுக்குமாக வளர்ந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1826ஆம் ஆண்டு கோடாலி செய்யத் தொடங்கிய காலின்ஸ் கம்பெனி பிற்காலத்தில் இத்தகைய கத்திகளை லத்தீன் அமெரிக்கா முழுவதற்கும் ஏற்றுமதி செய்தது. 1911ஆம் ஆண்டு தெற்குப் பிரேசிலில் ஒரு சிறு இரும்புப் பட்டறையாகத் தொடங்கிய டிராமொன்டினா நிறுவனம் இன்று அவற்றை உலகெங்கும் அனுப்புகிறது. அவை நல்ல கருவிகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவற்றின் தகடு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கனமே உள்ளது. நீர் நிறைந்த தண்டை வேகத்தால் அறுப்பதே அதன் தந்திரம். அந்த மெல்லிய தகடு காய்ந்த கருவேலங்கட்டையில் பட்டால் அதிர்ந்து, கையைக் கூசச்செய்து, சில சமயம் வாயும் சுருண்டுவிடும். மலேயாவின் பாராங்கும் நேபாளத்தின் குக்கிரியும் கனத்தை முன்பக்கம் வைத்துச் செய்யப்படுவதால் நமக்கு இன்னும் பொருத்தமானவையே. எனினும் முள்கிளையை இழுக்கும் கொக்கி அவற்றில் இல்லை. அந்தக் கொக்கியோடு பிறந்தது நம் அரிவாள் ஒன்றுதான் என்று சொன்னால் அது மிகையாகும், ஐரோப்பாவிலும் வேலி கழிக்கும் கொக்கிக் கத்திகள் உண்டு. ஆனால் இந்நாட்டு முள்காட்டுக்கு நூற்றாண்டுக் கணக்காகப் பழகிய உருவம் நம் அரிவாளே என்று துணிந்து கூறலாம்.

அரிவாள் என்பது ஒரு தனிக் கருவியன்று. அது ஒரு குடும்பம். கதிர் அறுப்பதற்கும் புல் அறுப்பதற்கும் உரிய பன்னரிவாள் வாயில் நுண்ணிய பல் வெட்டப்பட்டு, கைக்குள் அடங்கும் பிறையாக இருக்கிறது; அதைக் கொண்டு மரத்தைத் தொடக்கூடாது. பனையேறியின் பாளையரிவாள் அகன்று, மெல்லியதாய், சவரக்கத்திக்கு நிகரான கூர்மையோடு பாளையைச் சீவுவதற்கென்றே பிறந்தது. ஆடு மேய்ப்பவரின் துரட்டி, நீண்ட கழியின் நுனியில் ஒரு சிறு கொக்கியரிவாளைக் கட்டியதாகும். கோடையில் தரையில் புல் கருகிய பிறகு வேலமரத்து நெற்றும் வாகைக் குழையும் அதன் தயவால்தான் ஆட்டின் வாய்க்கு எட்டுகின்றன. இவற்றையெல்லாம் விட்டு, காட்டுவேலைக்கென ஒரே ஓர் இரும்பு வாங்கக்கூடியவர் வாங்கவேண்டியது வெட்டரிவாள். முதுகு கனத்து, வாய் ஒரே சீராக இறங்கி, நுனி உள்நோக்கி வளைந்து, பிடியிலிருந்து நுனி வரை முழங்கை நீளத்தை அதிகம் தாண்டாமல் இருக்கும் வெட்டரிவாள் கிளை கழிக்கும், கட்டை துண்டாக்கும், முள்ளை இழுக்கும், இளநீரும் சீவும். வீச்சரிவாளின் நீளம் தோற்றத்துக்குக் கம்பீரம் தருமேயன்றி, குனிந்து வேலை செய்யும் முள்காட்டில் அது கைக்குப் பாரமும் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்துமே ஆகும். பெண்களும் வயதானவர்களும் வாங்கும்போது கனத்தைக் குறைத்துக்கொள்வது அவசியம். பத்தாவது வெட்டில் இலேசாகத் தோன்றும் இரும்பு முந்நூறாவது வெட்டில் தோளைத் தளர்த்திவிடும்.

தென்பாண்டி நாட்டில் அரிவாள் என்றாலே நினைவுக்கு வருவது திருப்பாச்சேத்தி. திருச்சுழிக்கு வடக்கே, மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில், மானாமதுரைக்கு முன்னால் வைகைக் கரையை ஒட்டிய அவ்வூரின் பட்டறைகளுக்கு உண்டான கீர்த்தி சாமான்யமானதன்று. சினிமா அந்தப் பெயரை இரத்தத்தோடு சேர்த்துக் காட்டிவிட்டது வருந்தத்தக்கது. அங்குள்ள உலைகளில் உருவானவை பெரும்பாலும் விவசாயியின் கைக்கும் கருப்பசாமி, அய்யனார் கோயில்களின் நேர்த்திக்கடனுக்கும் போனவையே. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கோயிலுக்குச் சாத்துவதற்கென்று செய்யப்படும் அரிவாள் உருவத்தில் குறையற்றதாயினும், அநேகமாகச் சாதாரண இரும்புத் தகட்டில் வெட்டப்பட்டதாகவே இருக்கும். பக்திக்கு அது போதும், மரத்துக்குப் போதாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அரிவாள்களில் இத்தகையவை கலந்திருப்பதால்தான், ஊர்ப்பெயரை நம்பி வாங்கியவர் பிறகு ஊரைக் குறைகூற நேர்கிறது.

ஆக, எல்லாம் இரும்பின் ஜாதியையும் அதற்குக் கொடுத்த தோய்ச்சலையும் பொறுத்தவை. கட்டடக் கம்பிக்கும் தகட்டுக்கும் உபயோகமாகும் மெல்லிரும்பில் கரியின் அளவு பெரும்பாலும் நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவு. அதை எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினாலும் வாய் இறுகாது. லாரியின் வில்பட்டையிலோ நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலாகக் கரி இருப்பதோடு, சிலிக்கன், மாங்கனீசு, குரோமியம் போன்ற பொருள்களும் சேர்ந்திருக்கின்றன. பாரத்தைத் தாங்கி வளைந்து மறுபடி நிமிர்வதற்கென்று உருவாக்கப்பட்ட அந்த எஃகு, வெட்டுக்கருவிக்கு வேண்டிய இரண்டு குணங்களையும், அதாவது வாயில் கடினத்தையும் முதுகில் நெகிழ்வையும், ஒருங்கே ஏற்கவல்லது. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் இந்தப் பட்டைதான் நம் கொல்லர்களின் பெருஞ்செல்வம். வெளிநாட்டில் அதிக விலைக்கு விற்கும் கத்திகள் சிலவற்றின் எஃகும் இதே இனத்தைச் சேர்ந்ததே என்பதை அறிந்தால், சில நூறு ரூபாய் அரிவாளை எவரும் அலட்சியமாக நோக்கமாட்டார்கள்.

எஃகு செய்யும் அறிவு இந்நாட்டுக்குப் புதியதன்று. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய அகழாய்வில் இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் ஏராளமாகக் கிடைத்தன. அதற்கு அருகிலுள்ள சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு இரும்பின் தொன்மையை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரையில் பின்னே கொண்டுசெல்லும் அறிக்கையைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அந்தக் கணக்கை அறிஞர்கள் மேலும் விவாதிக்கட்டும். மானாவாரி நிலத்தான் ஒருவனுக்கு அதைவிட நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலம் பகுதிக் கொல்லர்கள் எஃகு செய்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவரித்திருக்கிறார். சிறு மண்குகைக்குள் இரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே எருக்கிலையை மூடி, களிமண்ணால் வாயடைத்து உலையில் வைப்பார்களாம். அந்தச் செடிகளின் கரி இரும்புக்குள் புகுந்து அதை எஃகாக்கியது. அத்தகைய இந்திய எஃகை லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819ஆம் ஆண்டு முதற்கொண்டு ஆராய்ந்து, அதைப் போல் ஒன்றைச் செய்துபார்க்கப் பெருமுயற்சி எடுத்துக்கொண்டார். ஆவாரையும் எருக்கும் அருப்புக்கோட்டைச் சாலையோரத்தில் யாரும் நீர் வார்க்காமல் பூத்து நிற்கின்றன. வறண்ட நிலம் எதையும் தராது என்று சொல்பவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும்.

இனித் தோய்ச்சலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் விலையில் தெரியாத வித்தியாசம் முழுவதும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அடித்து உருவாக்கிய அரிவாளை மறுபடியும் உலையில் இட்டு, ஏறக்குறைய எண்ணூறு டிகிரிக்கு மேல், இலந்தைப்பழச் சிவப்பாகக் காய்ச்சுகிறார்கள். அந்தச் சூட்டில் இரும்பு காந்தத்தை ஏற்காது. காந்தத்துண்டு ஒன்றைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதும் நல்ல வழியே. பிறகு வாய்ப்பகுதியை மட்டும் தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைத்து எடுத்தால், அது கண்ணாடிபோல் இறுகி, அதே காரணத்தால் நொறுங்கும் தன்மையும் பெற்றுவிடும். அப்படியே விட்டுவிடும் அவசரக்காரனின் அரிவாள் முதல் கணுவிலேயே பல் உதிரும். தேர்ந்த கொல்லர் நனைத்தவுடன் கசடைத் தேய்த்து வெள்ளை காட்டி, முதுகில் இன்னும் நிற்கும் சூடு வாய்க்கு ஓடிவருவதைக் கண்ணிமைக்காமல் பார்க்கிறார். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், அதன்பின் கத்தரிப்பூ நிறம், முடிவில் நீலம் என்று, ஏறத்தாழ இருநூற்றிருபது டிகிரியிலிருந்து முந்நூறு டிகிரி வரையில், சூடு தன் அளவைத் தானே எழுதிக்காட்டுகிறது. பாளையரிவாளுக்கு மஞ்சளில் நிறுத்தலாம். கருவேலங்கட்டையை வெட்டும் அரிவாளுக்குத் தவிட்டு நிறத்தைக் கடக்கவிட்டுக் கத்தரிப்பூ நிறத்தில் நிறுத்துவதே என் அபிப்பிராயத்தில் தக்கது. சற்று அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். ஆனால் பல் போகாது. வெயில் ஏறிய பிறகு நிறம் கண்ணுக்குத் தெரியாதாகையால், பட்டறையின் உட்புறத்தை நிழலாக வைத்திருப்பது வழக்கம். மானிகளில்லாமல் கண்ணாலேயே இதைச் செய்யும் மனிதரின் கல்வியைக் கல்வியென்று நாம் இன்னும் மதிக்கத் தொடங்கவில்லை.

வாங்குகிறவர் இவ்வளவையும் கடை வாசலில் நின்று எப்படி அறிவது? அரிவாளின் வாயில் ஒரு பழைய அரத்தின் முனையை இலேசாகத் தேய்த்துப் பார்க்கலாம்: வெண்ணெயில் போல அரம் இறங்கினால் அது மெல்லிரும்பு, கொஞ்சமும் கடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் மிஞ்சியது, தயங்கித் தயங்கிக் கடித்தால் வாங்கத்தக்கது. அதே அரத்தை முதுகில் தேய்த்தால் எளிதாகக் கடிக்கவேண்டும். இரும்பைத் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் நீண்டு ஒலிக்கவேண்டும். ஓசை பொத்தென்று அடங்கினால் உள்ளே விரிசல் இருக்கக்கூடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாயின் ஓரத்தைப் பார்த்தால் மயிரிழை வெடிப்பும் நெளிவும் புலப்படும். சாணைச் சக்கரத்தில் நீலம் பாரித்த வாயை விலக்கிவிடவேண்டும். கொல்லர் கொடுத்த பதத்தைச் சக்கரத்தின் சூடு கெடுத்துவிட்டது என்பதற்கு அந்த நீலமே சாட்சி. பூச்சும் பளபளப்பும் குறைகளை மறைப்பதற்கும் உதவுமாதலால், உலைக்கருமை மாறாத அரிவாளே சோதிக்க எளிது. பிடியைப் பொறுத்தவரை, இரும்பின் வால் மரத்தின் உள்ளே முழுவதும் ஓடி மறுமுனையில் மடக்கப்பட்டிருக்கிறதா, பூண் இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் காசை எடுக்கக்கூடாது. பாதி வெட்டில் கழன்று பறந்த இரும்பால் ஊனமானவர்கள் கிராமத்துக்கு ஒருவரேனும் இருப்பார்கள்.

கோடாலி விஷயத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் கனத்தை மிகையாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய புளியையும் வேம்பையும் சாய்க்க இப்போது எந்திர வாள் வந்துவிட்டது. ஆகவே வீட்டுக்கு வேண்டியது விறகு பிளக்கவும் தூரைக் கிளறவும் உதவும் ஒன்றரைக் கிலோ அளவிலான தலையும், காட்டுக்கு எடுத்துச்செல்ல முக்கால் கிலோவுக்குள் அடங்கும் கைக்கோடாலியுமே. காய்ந்த கட்டைக்கு வாயின் சரிவு தடித்திருக்கவேண்டும். மெல்லிய வாய் உள்ளே சிக்கிக்கொண்டு வெளிவராது. பழைய முறையில் கொல்லர்கள் உடலை மெல்லிரும்பாலும் வாயை மட்டும் எஃகாலும் செய்து இரண்டையும் உலையிலேயே ஒட்டிவிடுவார்கள். எஃகு அரிதாயிருந்த காலத்துச் சிக்கனம் அது; ஆயினும் அதிர்ச்சியை உடல் வாங்கிக்கொள்ள, கூர்மையை வாய் காக்கிறபடியால் இன்றைக்கும் அந்த முறைக்கு ஈடில்லை. காம்புக்கு நாட்டுக் கருவேலமும் உசிலையும் விடத்தலையும் இப்பக்கத்தில் கிடைக்கின்றன. மரத்தின் ரேகை காம்பின் நீளத்தோடு ஓடுவதைப் பார்த்தெடுத்து, நிழலில் காயவைத்து, ஆப்பு இறுக்கிப் போட்டால் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். பச்சையாகப் போட்ட காம்பு சித்திரை வெயிலில் சுருங்கித் தலையைக் கழற்றிவிடும். சிறு கத்தியைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கு அதிகமில்லை: நான்கு அங்குல வாயுள்ள, மடங்காத, எஃகுக் கத்தி ஒன்று போதும். சுவீடனின் மோரா கத்தி அதற்கு உலகறிந்த உதாரணம். ஆனால் பட்டறையில் உடைந்த வில்பட்டை நுனியிலோ பழைய அரத்திலோ செய்து வாங்கும் கத்தி அதன் வேலையை அதைவிடக் குறைந்த செலவில் செய்கிறது.

மலிவு என்பதை வாங்கும் நாளின் விலையைக் கொண்டு கணக்கிடுவதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. அரிவாளுக்கு வாரந்தோறும் தீட்டும், ஆண்டுக்கு இரண்டொரு முறை உலையும் தேவை. தேய்ந்த வாயைக் காய்ச்சி அடித்து மெல்லிதாக்கி மறுபடி தோய்ச்சல் கொடுக்கும் கொல்லர் பக்கத்து ஊரில் இருந்தால், ஒரே இரும்பு பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். இல்லையென்றால் மிக உயர்ந்த எஃகும் இரண்டாம் ஆண்டில் பரணுக்குப் போகும். முற்காலத்தில் கொல்லருக்கு ஒவ்வொரு வேலைக்கும் காசு கொடுக்கும் பழக்கமில்லை. அறுவடைக் களத்தில் அவருக்கென்று தானியம் அளந்துவிட்டு, ஆண்டு முழுவதும் கலப்பைக் கொழுவையும் அரிவாளையும் அவரிடம் கொடுத்துச் செப்பனிட்டுக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டில் ஜாதிக் கட்டுப்பாடும் தாழ்வும் கலந்திருந்தன என்பதை மறைப்பது நேர்மையாகாது. அது அப்படியே திரும்பிவர வேண்டுமென்று யாரும் விரும்பவும் கூடாது. ஆனால் கருவியைச் செய்தவனே அதன் ஆயுளுக்கும் பொறுப்பேற்றிருந்தான் என்ற அம்சத்துக்கு ஈடாக நாம் எதையும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை.

சட்டத்தையும் அறிந்திருப்பது நலம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகளைப் பற்றிய விதியும் வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானவற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் தென்மாவட்டங்களில் நிகழ்ந்த கொலைகளின் காரணமாக, 2021ஆம் ஆண்டில் காவல்துறை பட்டறைக்காரர்களை அழைத்து, வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்கும்படி கேட்டுக்கொண்டது. அதன் நோக்கத்தில் குறைகாண்பதற்கில்லை. விறகு வெட்டப்போகும் ஒருவர் அரிவாளைச் சாக்கில் சுற்றிக் கட்டி எடுத்துச்செல்வதும், வீச்சரிவாளைத் தவிர்த்து வேலைக்குரிய அளவில் வாங்குவதும், அவருக்கும் பாதுகாப்பு, ஊருக்கும் நிம்மதி. ஆனால் கேள்விகளுக்கெல்லாம் பதில்சொல்லும் சுமை சிறு பட்டறைக்காரர் தலையிலேயே விழுகிறது என்பதையும், தொழிற்சாலைக் கத்தியைத் தபாலில் தருவிப்பவரை அவ்வளவு கடுமையாக எவரும் கேட்பதில்லை என்பதையும் அதிகாரிகள் யோசிக்கவேண்டும்.

மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மா திட்டம் கொல்லர் தொழிலையும் தன் பதினெட்டுத் தொழில்களுள் சேர்த்துக்கொண்டது. தமிழக அரசு அதை ஏற்காமல், ஜாதித்தொழில் என்ற வரம்பின்றி எவரும் சேரக்கூடிய கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025ஆம் ஆண்டில் தொடங்கியது. இரண்டின் கொள்கை வேற்றுமை எதுவாயினும், கடனும் மானியமும் மட்டும் ஓர் உலையைக் காப்பாற்றிவிடாது. அருப்புக்கோட்டை வட்டாரத்துத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு ஒரு பருவத்திலேனும் வயதான கொல்லர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, வில்பட்டையை இனம்பிரிக்கவும், நிறம் பார்த்துப் பதம் நிறுத்தவும், அதையே வெப்பமானியாலும் கடினமானியாலும் ஒத்துப்பார்க்கவும் கற்பிக்கவேண்டும். அப்படித் தேறியவர்களின் அரிவாளில் செய்தவர் முத்திரையும் எஃகின் இனமும் பொறிக்கப்பட்டால், சந்தையில் கோயில் தகட்டையும் காட்டு இரும்பையும் வாங்குகிறவர் வேறுபடுத்தி அறிவார்; நல்ல வேலைக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்கமாட்டார். நரிக்குடி, திருச்சுழி, காரியாபட்டி ஒன்றியங்கள் ஒவ்வொன்றிலும் இப்படி இரண்டு உலைகள் எரிந்தாலே, சீமைக் கருவேலத்தோடு அன்றாடம் மல்லுக்கு நிற்கும் குடும்பங்களுக்கு வேண்டிய இரும்பு அனைத்தையும் செய்துகொடுக்கவும் செப்பனிடவும் அவை போதுமானவை.